நோட்டில் ஏறாத ஆட்டம்

கடலூர் முதுநகர் கூட்ஸ் ஷெட்டில் பொன்னுரங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டால் இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்: நிற்பது, எண்ணுவது. ரேக் என்கிற முழுச் சரக்கு வண்டி வந்து நின்றதும் வேகன் கதவருகே போய் நின்றுகொள்வார். லோடுமேன் ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினால் கையிலிருக்கும் அட்டையில் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். யூரியாவோ, அரிசியோ, சிமெண்டோ, கதவைத் தாண்டினால்தான் அவருக்கு அது மூட்டை. தாண்டாதவரை அது உள்ளே கிடக்கிறது, அதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் கிடையாது. பதினாலு வருஷத்தில் ஒரு மூட்டையைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை என்று ஷெட்டில் அவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

வேலை முடிந்தாலும் பழக்கம் முடியாது. பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை எண்ணுவார். கல்யாணப் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று சமையல்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ மூஞ்சிய நிமுந்துகூட பாக்கல. எங்க வூட்டு ஜன்னல எண்ணிகிட்டு ஒக்காந்திருந்தாரு" என்று அவர் மனைவி வினோதினி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மறுக்க மாட்டார். ஏழு ஜன்னல்.

2005ஆம் வருஷம் கோடையில், வினோதினியின் தம்பி செந்தமிழ்செல்வன் ஆடுகிறானே என்று மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போனார். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அதற்குள் பந்து போய்விடும் என்பதால் மைதானத்தில் எல்லோருக்கும் அவன் செல்வம். உப்பனாறு கிளப்பில் அவன் ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிரணிக்காரர்களை மறிக்கிறவன். பொன்னுரங்கத்துக்கு அதுவரை கால்பந்து என்றால் இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்கு அலைகிற கூத்து, அவ்வளவுதான். சட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் கை சும்மா இருக்குமா? சட்டைப் பையில் ஷெட் அட்டை இருந்தது, பென்சில் இருந்தது. யார் எத்தனை முறை பந்தைக் கோலை நோக்கி அடித்தார்கள், யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தார்கள் என்று பெயருக்குப் பெயர் கோடு போட ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் நடந்த அந்தப் போட்டித் தொடர் முழுக்கப் போய் இப்படியே எண்ணினார். தொடர் முடிந்தபோது கிளப்பில் சித்தார்த்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பதிமூன்று கோல் போட்டவன். பொன்னுரங்கம் ஓரமாக நின்று, கிளப் செயலாளர் கோவிந்தசாமியிடம் அட்டையை நீட்டினார். கோவிந்தசாமி முதுநகரில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். எதற்கும் ஆதாரம் கேட்கிற ஆள்.

"பதிமூணு கோலுக்கு சித்தார்த்து அறுபத்தொரு ஷாட்டு அடிச்சிருக்கான். அந்தப் பதிமூணுல ஒம்போது பந்து கதிரவன் குடுத்தது. கதிரவன் பேர ஒருத்தரும் சொல்லலியே?" என்றார்.

கோவிந்தசாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதிரவன் அணியின் கேப்டன். நடு மைதானத்தில் அதிகம் ஓடாமல், அதிகம் பேசாமல் ஆடுகிறவன். அவனை எடுத்துவிட்டால் சித்தார்த் பாதி சித்தார்த்துதான் என்று முதல்முறையாக யாரோ எழுத்தில் காட்டியிருந்தார்கள். மறுநாளே கோவிந்தசாமி ஒரு நீள நோட்டு வாங்கி வந்து பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார். "இனிமே நீதான்யா நம்ம கிளப்புக்குக் கண்ணு" என்றார்.

அன்று முதல் பொன்னுரங்கம் கிளப்பில் பெரிய மனிதர் ஆனார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பக்கம். ஃபார்வர்டுக்கு ஷாட், கோல். நடுவில் ஆடுகிறவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த பாஸ், தொலைத்த பந்து. பின்னால் நிற்கிறவர்களுக்கு எதிரியின் காலிலிருந்து பிடுங்கிய பந்து. அந்தக் கட்டத்துக்குப் 'பறிப்பு' என்று பெயர் வைத்தார். கோல்கீப்பருக்குப் 'பிடிப்பு'. கடைசிக் கட்டத்தில் அன்று வாங்கிய கோல். ஆட்டம் முடிந்ததும் வேர்த்து வழிகிற பையன்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோட்டைச் சுற்றி நிற்பார்கள். "நோட்டு என்னா சொல்லுது?" என்பது கிளப்பில் வழக்கமான கேள்வி ஆகிவிட்டது. நோட்டு சொல்வதை மறுத்துப் பேச ஆளில்லை. பொன்னுரங்கத்துக்கு அது பிடித்திருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஷெட்டில் அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

இந்த இடத்தில்தான் கூட்ஸ் ஷெட் புத்தி அவர் காலை வாரியது. அவருடைய கணக்கில், நடந்தால்தான் கோடு. நடக்காததற்குக் கோடு கிடையாது.

2007இல் காத்தவராயன் என்று ஒரு புது ஸ்டாப்பர் கிளப்பில் சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, காற்றாகப் பறப்பான். பந்து எங்கே போனாலும் துரத்திக்கொண்டு ஓடி, சறுக்கி விழுந்து பிடுங்குவான். ஆட்டம் முடியும்போது தலையிலிருந்து கால்வரை மண். ஜனங்களுக்கு அவனைக் கண்டால் கொண்டாட்டம். நோட்டில் அவனுக்கு ஆட்டத்துக்குப் பதினாலு பறிப்பு. செல்வத்துக்கு? மூன்று. சில ஆட்டத்தில் இரண்டு. சட்டையை மறுநாளும் போட்டுக்கொண்டு போகலாம் போல வெள்ளையாக வெளியே வருவான்.

யாரை வைத்துக்கொள்வது என்று கோவிந்தசாமி கடையில் கூட்டம் போட்டார்கள். பொன்னுரங்கம் நோட்டை விரித்து, ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லாமல் படித்தார். மைத்துனனின் மூன்றைப் படிக்கும்போது குரலை இறக்கவில்லை. கோவிந்தசாமி எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் அவர் முதுகில் தட்டினார். "பாத்துக்கங்கய்யா. சொந்த மச்சானுக்கே மூணு போட்ட மனுஷன்!"

வீட்டுக்கு வரும்போது அந்தத் தட்டு முதுகில் இதமாகவே இருந்தது. வினோதினி சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தச் சாம்பாருக்கு எத்தன போடுவீங்க? மூணா, நாலா?"

"அது வேற, இது வேற வினோதினி. கணக்குல சொந்தம் பாக்கக் கூடாது."

"நான் சொந்தம் பாக்கச் சொல்லல. சாம்பாரத்தான் கேட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

செல்வம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பேக்கரி வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். கடலூரில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம், புவனகிரி கடைகளுக்கெல்லாம் பன்னும் ரொட்டியும் போட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவான். சாயங்காலம் தவறாமல் பயிற்சிக்கு வந்தான். "நோட்டுல மூணுன்னா மூணுதான் மாமா. நீ என்னா பண்ணுவ" என்றான். அதற்குப் பிறகு அவனும் காத்தவராயனைப் பார்த்துச் சறுக்கி விழப் பழகினான். தொடையெல்லாம் சிராய்ப்பு. வினோதினி தேங்காயெண்ணெய் தடவிவிடும்போது கணவரைப் பார்க்கிற பார்வையில் பொன்னுரங்கம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. செல்வம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

2009 ஜனவரியில் கோவிந்தசாமிக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓர் அரசுத் துறை புதிதாகக் கால்பந்து அணி சேர்க்கிறது. தேர்வாகிறவர்களுக்கு அங்கேயே நிரந்தர வேலை. ஒரு கிளப் இரண்டு பேரைச் சிபாரிசு செய்யலாம்: ஒரு ஃபார்வர்டு, ஒரு ஸ்டாப்பர். பட்டியல் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் சேர வேண்டும். வயது இருபத்தெட்டு தாண்டக் கூடாது.

செல்வத்துக்கு மார்ச் வந்தால் இருபத்தெட்டு முடிகிறது. இதை விட்டால் அவனுக்கு இன்னொரு கடிதம் வரப் போவதில்லை. பொன்னுரங்கத்துக்கு இது தெரியும். வினோதினிக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"ஃபார்வர்டுக்கு சித்தார்த்து. ஸ்டாப்பருக்கு நோட்டு யாரச் சொல்லுதோ அவன்" என்றார் கோவிந்தசாமி. நோட்டு யாரைச் சொல்லும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரத்தில் ஆட்டம். சிதம்பரம் போகிற ரயில் பாதையை அகலமாக்குகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் எல்லோரும் பஸ்ஸில்தான் போனார்கள். முந்தின நாள் பயிற்சியில் காத்தவராயனுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் செல்வத்தை இறக்கினார்கள். எதிரணி சாதாரண அணி இல்லை. நவம்பரில் மஞ்சக்குப்பத்துக்கு வந்து மூன்று கோல் போட்டுவிட்டுப் போனவர்கள்.

பொன்னுரங்கம் கோட்டோரம் உட்கார்ந்து செல்வத்தின் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் ஆயிற்று, ஒரு கோடும் இல்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. செல்வம் நடந்துகொண்டிருந்தான். ஆட்டத்தில் நடக்கிறானே என்று இவருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டடி இடப்பக்கம் போவான், நிற்பான். பக்கத்தில் இருக்கிற பையனுக்குக் கையைக் காட்டி ஏதோ சொல்வான். மறுபடி மூன்றடி பின்னால். சிதம்பரத்துக்காரன் பந்தோடு வேகமாக வருவான், செல்வம் நிற்கிற இடத்தைப் பார்ப்பான், என்னவோ ஞாபகம் வந்தவன்போல் பந்தைப் பின்னால் தள்ளிவிடுவான். இதற்கு எந்தக் கட்டத்தில் கோடு போடுவது? பொன்னுரங்கம் கொட்டாவி விட்டார். பக்கத்திலிருந்தவரிடம் வேர்க்கடலை வாங்கித் தின்றார். கடைசியில் சித்தார்த் ஒரு கோல் போட்டான், உப்பனாறு ஜெயித்தது. செல்வத்தின் பக்கத்தில் இரண்டே கோடு. பாவம், கடைசி வாய்ப்பிலும் இப்படி ஆடிவிட்டானே என்று அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் எல்லோரும் நின்றார்கள். கோல்கீப்பர் சுப்புராயன் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கத்தின் பக்கம் வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு என் பக்கத்துல என்னா போட்டீங்க?"

"முட்டைதான். ஒண்ணுகூடப் புடிக்கலியே நீ."

"பந்து வந்தாத்தானே அண்ணே புடிக்கறதுக்கு! இந்தச் செல்வத்த எறக்காதீங்கண்ணே. அவன் ஆடுனா என் நோட்டு படுத்துடுது. காத்தவராயன் ஆடட்டும், நான் எட்டு புடிக்கிறேன், பத்து புடிக்கிறேன். இவன் நின்னா எனக்கு கையொறையே நனையறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தான். பொன்னுரங்கமும் சிரிக்க வாயைத் திறந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். டீ ஆறிப்போயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து நோட்டை விரித்தார். செல்வத்தின் பக்கத்தையும் பார்க்கவில்லை, காத்தவராயன் பக்கத்தையும் பார்க்கவில்லை. சுப்புராயனின் பக்கத்தை எடுத்தார். அவன் பிடித்ததையும் அவனைத் தாண்டிக் கோல் ஆனதையும் கூட்டினால், எதிரணி கோலுக்கு நேராக அடித்த பந்து மொத்தம் எத்தனை என்று வந்துவிடும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது முதல் கூட்டல் முடிந்தது. செல்வம் ஸ்டாப்பராக நின்ற முப்பத்தொரு ஆட்டத்தில் அறுபத்தாறு பந்து. ஆட்டத்துக்கு இரண்டு, கொஞ்சம் மேலே. காத்தவராயன் நின்ற இருபது ஆட்டத்தில் நூற்று நாற்பது. ஆட்டத்துக்கு ஏழு.

சரி, போன வருஷம் வந்த அணிகள் பலமானவையாக இருக்கலாமே என்று நினைத்து, இரண்டு பேரும் எதிர்த்து ஆடிய ஐந்து அணிகளை மட்டும் தனியாக எடுத்தார். புதுச்சத்திரம் வரும்போது அதுவும் முடிந்தது. அதே அணிகள், அதே ஃபார்வர்டுகள். செல்வம் நின்றால் இரண்டு, மூன்று. காத்தவராயன் நின்றால் ஆறு, ஏழு. இன்று ஆடிய சிதம்பரமே சாட்சி: நவம்பரில் ஒன்பது, இன்று சுழி.

அப்புறம் அவருக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. காத்தவராயன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். அவன் விட்டுவிட்டு வந்த இடம் காலியாகக் கிடக்கிறது. எதிரணிக்காரன் பந்தை அங்கே தள்ளுகிறான். காத்தவராயன் திரும்பி ஓடி வந்து விழுந்து பிடுங்குகிறான், ஜனம் கைதட்டுகிறது, பொன்னுரங்கம் கோடு போடுகிறார். பாதி நேரம் அவனே திறந்துவிட்ட கதவை அவனே ஓடி வந்து சாத்துகிறான். சாத்த முடியாத நேரத்தில் சுப்புராயன் பிடிக்கிறான், அதற்கும் ஒரு கோடு. அதிலும் தப்பினால் கோல். செல்வமோ கதவைத் திறப்பதே இல்லை. அதற்குக் கோடு இல்லை. மூன்று வருஷத்துக்கு மேலாக, ஆட்டம் கெட்டுப்போகிற ஒவ்வொரு முறைக்கும் நோட்டு மதிப்பெண் போட்டிருக்கிறது. இதில் காத்தவராயன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நோட்டில் கோடு ஏறுகிறபடி அவன் ஆடினான், அவ்வளவுதான்.

செல்வம் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இருக்கட்டும், இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நோட்டை மூடினார்.

இந்த 'இன்னொரு முறை'யைத்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொன்னுரங்கத்தின் கூட்டலில் எந்தக் காலத்திலும் தப்பு வந்ததில்லை, அது அவருக்கே தெரியும். திங்கட்கிழமை கூட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கீழிருந்து மேலாகக் கூட்டினார், அப்போதும் சரியாகத்தான் இருந்தது. அவர் உண்மையில் கூட்டிக்கொண்டிருந்தது வேறு. கோவிந்தசாமி கடையில் போய் இதைச் சொன்னால் என்ன கேட்பார்கள்? "இத்தன நாளா இல்லாத கணக்கு, மச்சானுக்கு வேலைன்னதும் எப்பிடிய்யா வந்துச்சு?" யாராவது ஒருவன் கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். பதினாலு வருஷம் ஷெட்டில் சேர்த்த பெயர், கிளப்பில் முதுகில் வாங்கிய தட்டு, எல்லாம் அந்த ஒரு சிரிப்பில் போய்விடும். போதாததற்கு அந்த நோட்டே தப்பு என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். காத்தவராயனின் அம்மா அமராவதி, மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். எதிரே பார்த்தால் "எம் புள்ளைக்கு உங்க நோட்டுதான் தம்பி தெய்வம்" என்பாள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"சோத்தப் பெசஞ்சிகிட்டே இருக்கீங்க, எறங்கல. என்னா விஷயம்?" என்று செவ்வாய்க்கிழமை வினோதினி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வேல ஜாஸ்தி."

புதன்கிழமை நெல்லிக்குப்பம் பக்கம் போகிற உரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு ரேக் வந்து நின்றது. காலையிலிருந்து கதவருகே நின்றார். அன்றைக்கு ஷெட்டைவிட்டு நகர முடியவில்லை என்று பின்னால் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரேக் வந்தது உண்மை. சாப்பாட்டு வேளையில் பத்து நிமிஷம் நடந்தால் பெயிண்ட் கடை வந்துவிடும் என்பதும் உண்மை.

வியாழக்கிழமை காலை அவரால் முடியவில்லை. எண்ணிக்கொண்டிருந்தவர் எழுபதுக்கு மேல் எத்தனை என்று தெரியாமல் நின்றார். பதினாலு வருஷத்தில் முதல்முறை. பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். பெயிண்ட் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

கோவிந்தசாமி ஒரு வாடிக்கையாளருக்கு டிஸ்டெம்பர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் காத்திருக்கவில்லை. நோட்டைக் கல்லாவின்மேல் விரித்து, சுப்புராயனின் பக்கத்தைக் காட்டி, முப்பத்தொரு ஆட்டம், இருபது ஆட்டம், ஐந்து அணி என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். "நான் போட்ட கணக்கு தப்புங்க. பறிச்சதத்தான் எண்ணுனேன். பறிக்க வேண்டிய நெலமையே வராம பாத்துகிட்டத எண்ணல. ஸ்டாப்பருக்கு செல்வம் பேரத்தான் அனுப்பணும்."

கோவிந்தசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நோட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார்.

"காலைல முதல் பஸ்ஸுல ஆளுகிட்ட குடுத்தனுப்பிட்டேனேய்யா" என்றார் கடைசியில்.

அந்த இடத்திலேயே சென்னைக்குப் போன் போட்டார். இரண்டு பேர் மாறி மூன்றாவதாக ஒருவர் பேசினார். பட்டியல் பதினொரு மணிக்கே வந்து பதிவாகிவிட்டது, பதிவான பிறகு பெயரை மாற்ற வழியில்லை என்றார். கோவிந்தசாமி கெஞ்சிப் பார்த்தார். இன்னொரு கடிதம் எழுதி ஆளை அனுப்பலாம் என்றாலும் ஐந்து மணிக்குள் சென்னை போய்ச் சேராது, சேர்ந்தாலும் ஒரு கிளப்புக்கு ஒரே கடிதம்தான். போனை வைத்தார்.

"இது என்னிக்குத் தெரிஞ்சிது ஒனக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஞாயித்துக்கெழம."

"நாலு நாளு கையில வெச்சிகிட்டு என்னா பண்ண?"

"மச்சானுக்காகக் கணக்க மாத்துறேன்னு சொல்லுவாங்களேன்னு..."

கோவிந்தசாமி அவரையே பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாக இருந்திருந்தால் பொன்னுரங்கத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"யாருய்யா சொல்லுவாங்க? சொந்த மச்சானுக்கே மூணு போட்டவன் நீ. வேற எவன் வந்து சொல்லியிருந்தாலும் ஆதாரம் கேட்டிருப்பேன். நீ வந்து வாயால சொல்லியிருந்தாப் போதும், நோட்டக்கூட பாத்திருக்க மாட்டேன். நேத்து சொல்லியிருந்தாகூட மாத்தியிருப்பேனேய்யா."

பொன்னுரங்கம் நோட்டை மூடினார். எதைக் காப்பாற்றுவதற்காக நாலு நாள் பேசாமல் இருந்தாரோ, அதுவேதான் செல்வத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கும். கடையிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றார். பிறகு பேக்கரிப் பக்கம் நடந்தார். வீட்டுக்கு முதலில் போகத் தைரியம் இல்லை.

செல்வம் புவனகிரி வரை போய்விட்டுத் திரும்பியிருந்தான். பேக்கரிக்குப் பின்னால் வேனை நிறுத்தி, காலி டிரேக்களை இறக்கிக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும், "என்னா மாமா, வேல நேரத்துல? அக்காவுக்கு ஒண்ணுமில்லியே?" என்று பதறினான்.

"அக்கா நல்லாத்தான் இருக்கா. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் மச்சான்."

சொன்னார். நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சுப்புராயன் பக்கத்தைக் கூட்டியது, இரண்டு, ஏழு, புதுச்சத்திரம் வருவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது, நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, பட்டியல் போய்விட்டது. எதற்காக மூடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். "எம் பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன்டா" என்றபோது குரல் உடைந்தது. அவர் அழுது செல்வம் பார்த்ததில்லை.

செல்வம் கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்தான். வேனின் பின்படியில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று பொன்னுரங்கம் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ரெண்டுதானா?" என்று கேட்டான் செல்வம்.

"என்னா ரெண்டு?"

"நான் நின்னா. ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு பந்துதான் உள்ள வருதா?"

"ரெண்டுதான். கொஞ்சம் மேல."

"அவன் நின்னா ஏழு."

"ஏழு."

நோட்டைக் கேட்டு வாங்கினான். பொன்னுரங்கம் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். செல்வம் அந்தக் கூட்டலை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தான், மறுபடியும் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் ஒட்டிய பலகையில் தன் நம்பரைத் தேடுகிறவன்போல் இருந்தது அவன் முகம்.

"அன்னிக்கு சிதம்பரத்துல எப்பிடியும் நம்ம பேரு போவாதுன்னு தெரிஞ்சிபோச்சி. அதனால விழுந்து எழுந்து ஆடாம, முந்தி ஆடுன மாதிரி என் இஷ்டத்துக்கு ஆடுனன்" என்றான். பிறகு நோட்டை மூடி, திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"வேல போனா போவுது மாமா. ஞாயித்துக்கெழம பஸ்ஸுலயே என்ன எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல நீ? ஒண்ணர வருஷமா எனக்கு ஆடத் தெரியாதுன்னுல்ல நான் நெனச்சிகிட்டு இருந்தன்."